நாளை வேன் வேண்டும்

இணையப் பக்கத்தில் பொத்தான்களின் மூலைகளை வட்டமாக்குவது என்று முடிவாகிவிட்டது. உனக்குத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். பத்து காவான் என்ற ஊரிலுள்ள நம் அலுவலகத்தின் கூட்ட அறையில் எல்லோரும் கூடி, இரு தரப்பு வாதங்களையும் செவிமடுத்து, காலை முழுவதும் சிந்தித்து இந்த முடிவுக்கு வந்தோம். கூர்மையான மூலை நோயாளிகளுக்கு ஊசியை நினைவூட்டும் என்றது ஒரு தரப்பு. முழு வட்டம் மாத்திரையை நினைவூட்டும் என்றது மறு தரப்பு. இடைப்பட்ட வளைவு ஒன்று கண்டறியப்பட்டது. சிலர் கை கொடுத்துக்கொண்டார்கள். பிறகு பிஸ்கட் வந்தது.

பிஸ்கட் சாப்பிடும்போதே இரண்டாவது விஷயமும் முடிந்துவிட்டது. டயாலிசிஸ் நிலையத்தின் வேன் பதிவுக்காக நீ எழுதிய அந்த எளிய பக்கத்தை, பழைய பிரவுசர்களிலும் திறக்கிற பக்கத்தை, நீக்கிவிடுவது. அதற்குக் கை கொடுத்துக்கொள்ளும் அளவுக்கு யாரும் மெனக்கெடவில்லை.

பழைய பிரவுசர்களே வேண்டாம் என்றான பிறகு பழைய போன்கள் எதற்கு என்று அன்று மாலையே உன் இழுப்பறையைக் காலி செய்யச் சொன்னார்கள். அதை மேசையோடு சேர்த்து என் காரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். இதை அந்த மேசையில்தான் எழுதுகிறேன். இழுப்பறையை இழுத்தால் இன்னும் மீன்தலைக் கறி வாசம் வருகிறது. நாம் தீவில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையை விட்டுப் போய் எத்தனையோ காலமாகிறது. இழுப்பறைக்கு அது தெரியவில்லை.

அந்த மாடி அறை உனக்கு மறந்திருக்காது. கீழே சோறும் கறியும் விற்கும் நாசி கண்டார் கடை, மேலே நாம். பதினோரு மணி ஆனதும் படிக்கட்டு வழியாகக் குழம்பு ஏறி வரும். வாடிக்கையாளர் யாராவது வந்தால், நம் மென்பொருளைப் பற்றிப் பேசத் தொடங்கி, மாட்டிறைச்சிப் பிரட்டலைப் பற்றிப் பேசி முடித்துவிட்டு இறங்கிப் போவார்கள். நான் பக்கங்களைக் கட்டுவேன், நீ அவற்றைச் சோதித்து உடைப்பாய். பெயர்ப் பலகையில் நம் இருவரையும் வேறு ஏதேதோ பெயரில் எழுதியிருந்தார்கள், ஆனால் வேலை அதுதான்.

இழுப்பறைக்கு 'முதியோர் இல்லம்' என்று நீதான் பெயர் வைத்தாய். யாராவது போன் மாற்றுகிறார்கள் என்று கேள்விப்பட்டால் போதும், பழையதைக் கேட்டு வாங்கி வந்துவிடுவாய். திரையின் இடது பக்கம் வேலை செய்யாத ஒன்று. தொட்டவுடன் சூடாகிக் கோபித்துக்கொள்ளும் ஒன்று. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் எழுத்துகளைக் கட்டம் கட்டமாகக் காட்டும் ஒன்று. எல்லோரிலும் மூத்தது அந்தப் பெரிய டேப்லெட். அதற்கு ஓர் இரட்டைப் பிறவி உண்டு. இரண்டையும் ஒரே நாளில் வாங்கினாய். ஒன்று இழுப்பறைக்கு, இன்னொன்று கடலுக்கு அக்கரையில், பட்டர்வொர்த்தில் உன் அப்பாவுக்கு. "அப்பாவுக்கு என்ன தெரியுதோ அதுதான் நாம செஞ்சது. உன் லேப்டாப்ல தெரியறதெல்லாம் கனவு டேய்" என்பாய்.

கனவு என்று நீ சொன்னதன் பொருள் எனக்குப் புரிந்தது அந்த வேன் விவகாரத்தில்தான். நிலையத்துக்கு வாரம் மூன்று முறை போய் வரும் நோயாளிகள், மறுநாள் வேன் வேண்டுமா என்று முதல் நாள் மாலை ஐந்து மணிக்குள் சொல்லிவிட வேண்டும். சொன்னவர்கள் வீட்டில் வேன் நிற்கும். சொல்லாதவர்கள் வீட்டைத் தாண்டிப் போய்விடும். இதற்கு ஒரு பக்கம் கட்டித் தரச் சொன்னார்கள். நாம் கட்டித் தந்தோம். அதில் ஒரு நாட்காட்டி இருந்தது. தொட்டால் தாமரைபோல் விரியும், தேதியைத் தொட்டால் குவியும். அதைப் பார்த்துவிட்டு நிலையத்தின் செயலாளர் கண்கலங்கினார்.

நம் பிரவுசரில் விரிந்த தாமரை மற்ற பிரவுசர்களில் விரியவில்லை. அங்கெல்லாம் வெறும் பெட்டி ஒன்று மட்டும் தெரிந்தது. வெறும் பெட்டியைக் கண்டால் நம் ஆட்கள் சும்மா விடுவார்களா? எழுதினார்கள். 'நாளைக்கு' என்று எழுதினார்கள். 'வழக்கம்போல' என்று ஒருவர் எழுதினார். 'கிருத்திகைக்கு மறுநாள்' என்று ஓர் அம்மா எழுதினார். மனிதர் யாருக்கும் இதில் குழப்பம் வராது. கணினிக்கு வந்தது. தேதி என்னவென்று தெரியாதவர்களையெல்லாம் அது, தான் காலத்தை எண்ணத் தொடங்கிய முதல் நாளில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. அன்று மாலை வேன் ஓட்டுநர் ராஜு அண்ணன் உனக்குப் போன் செய்தார். நீ அதை ஒலிபெருக்கியில் போட்டாய்.

"தங்கச்சி, நாளைக்கு லிஸ்ட்ல ஒருத்தரும் இல்ல."

"ஒருத்தரும் இல்லையா அண்ணே?"

"நாளைக்கு இல்ல. ஆனா ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது, ஜனவரி ஒண்ணாம் தேதி, காலைல ஏழரைக்கு வேன் ஃபுல்லு. எனக்குப் போறதுல ஒண்ணும் பிரச்சனை இல்ல லா. எந்த ஜாலான்ல, எந்த ரோட்டுல போனா அங்க போலாம், அத மட்டும் சொல்லு."

"அண்ணே, அவங்க எல்லாரையும் நாளைக்கே ஏத்திருங்க."

"அப்போ எழுபதுல காத்துக்கிட்டு இருக்கறவங்க?"

"அவங்கள நாங்க பாத்துக்கறோம் அண்ணே."

போனை வைத்துவிட்டு நீ சிரித்தாய். நாற்காலியிலிருந்து விழும் அளவுக்குச் சிரித்தாய். பிறகு சட்டென்று நிறுத்திவிட்டு, "அண்ணே போன் பண்ணலன்னா?" என்று கேட்டாய். அந்த வெறும் பெட்டியில் எழுதியவர்களில் உன் அப்பாவும் ஒருவர். மிகச் சரியாக, நாள், மாதம், ஆண்டு, கிழமை எல்லாம் எழுதியிருந்தார். கிழமை எழுதியதுதான் தப்பாகப் போயிற்று, கணினி அதைத் தேதியாக ஏற்கவில்லை.

அன்று மாலை நீ நாட்காட்டியைத் தூக்கி எறிந்தாய். நான் தடுத்தேன், அந்தத் தாமரைக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நீ ஒன்றே ஒன்று கேட்டாய். "எல்லாருக்கும் நாளைக்குத்தான் வேன் வேணும். நாளைக்கு எதுக்குடா காலண்டரு?" நீ எழுதிய பக்கத்தில் இரண்டே பொத்தான்கள். 'நாளை வேன் வேண்டும்.' 'நாளை வேன் வேண்டாம்.' அவ்வளவுதான். நாளை என்பது எந்தத் தேதி என்று கண்டுபிடிக்கும் பொறுப்பை நோயாளியிடமிருந்து பிடுங்கி, நம் கணினியிடம் கொடுத்தாய். அந்தப் பக்கம் முதியோர் இல்லத்தின் அத்தனை பேரிடமும் திறந்தது. இடது பக்கம் வேலை செய்யாத போனிலும்கூட. இரண்டு பொத்தான்களையும் வலது பக்கத்தில் வைத்திருந்தாய்.

அதற்குப் பிறகு என்ன அலங்காரம் வேண்டுமானாலும் செய்துகொள் என்று எனக்கு அனுமதி தந்தாய். நல்ல பிரவுசர் வைத்திருப்பவர்களுக்கு நிறம் மாறட்டும், எழுத்து மிதந்து வரட்டும், உன் தாமரை விரியட்டும். அவை ஓடாத இடத்தில் இந்த இரண்டு பொத்தான்கள் மட்டும் நிற்க வேண்டும். "மொதல்ல கீழ பாய விரி. அப்புறம் குட்டிக்கரணம் போடு" என்றாய். பெரிய மாநாடுகளில் இதற்கு நீளமான பெயர் சொல்கிறார்கள். அவர்களில் யாரும் பாயைப் பற்றிச் சொல்லி நான் கேட்டதில்லை.

அப்படியும் உனக்கு மனம் ஆறவில்லை. எந்தப் பக்கமும் கடல் தாண்டாமல் வெளியே போகக் கூடாது என்று ஒரு சட்டம் போட்டாய். பட்டர்வொர்த்திலிருந்து தினமும் ஃபெர்ரியில் வருகிறவளுக்கு அது சுலபம். ஃபெர்ரி நடுக்கடலுக்கு வரும்போது போன் ஒரு கரையின் கோபுரத்தைக் கைவிட்டு, மறு கரையின் கோபுரத்தை இன்னும் கண்டுபிடிக்காமல் தத்தளிக்கும். சரியாக அந்த இடத்தில் பொத்தானை அழுத்துவாய். அழுத்தியது போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று பக்கம் நேர்மையாகச் சொன்னால் தேறிற்று. சேராமலே 'நன்றி' என்று சொன்னால் நான் அன்று முழுவதும் உன்னிடம் பேச்சு வாங்க வேண்டும். ஒருமுறை நானும் உடன் வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மலாய் அம்மா ஒருவர், இங்கே சிக்னல் கிடைக்காது மகளே, கரைக்குப் போய் அழுத்து என்று பரிவோடு சொன்னார். கிடைக்காத இடத்தில்தான் அம்மா என் வேலை என்று நீ மலாயில் பதில் சொன்னாய். அவர் நகர்ந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டார்.

உனக்கு உட்கார வராது. கிளினிக்கில், வங்கியில், கல்யாண மண்டபத்தின் வாசலில், தொடுதிரை எங்கே இருந்தாலும் எழுந்து போய்த் தட்டிப் பார்த்துவிடுவாய். அது உடைந்தால் உன் முகத்தில் ஒரு நிம்மதி வரும். இப்போது எனக்கும் உட்கார வருவதில்லை. நிம்மதி மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

கூட்டத்துக்கு வருகிறேன். சேகரை உனக்குத் தெரியாது. பெரிய நிறுவனம் நம்மை வாங்கிப் பத்து காவானுக்குக் கொண்டுபோன பிறகு வந்த மேலாளர். கெட்டவர் இல்லை. எல்லோருடைய பிறந்தநாளும் அவருக்கு நினைவிருக்கும். ஷாலினி வடிவமைப்பாளர். பொத்தானின் மூலையில் ஊசியைக் கண்டது அவள்தான். சேகர் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டே கேட்டார்.

"அந்தப் பழைய பேஜ யாரு யூஸ் பண்றா?"

ஷாலினி திரையில் வண்ண வண்ணமாக ஒரு வட்டத்தைக் காட்டினாள். "யாரும் இல்ல பாஸ். ஓல்டு பிரவுசர் சீரோ."

"சீரோன்னா?"

"சுத்த சீரோ லா."

நான் கையைத் தூக்கினேன். "எண்றதுக்கு நாம போட்டிருக்கற கவுண்டரே ஒரு ஸ்கிரிப்ட், குட்டி புரோகிராம். பழைய பிரவுசர்ல அது ஓடாது. ஓடுனாதானே எண்ணும்?"

"அப்போ அங்கேருந்து வர்றவங்கள எப்படி எண்றது அண்ணே?" என்றார் சேகர்.

"எண்ண முடியாது."

"எண்ண முடியாதவங்கள வெச்சு நாம எப்படி ஒரு முடிவுக்கு வர்றது?"

"அவங்க இருக்காங்க சேகர்."

"எங்க?"

"பட்டர்வொர்த்துல ஒருத்தர் இருக்காரு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஷாலினி உண்மையிலேயே நல்ல பெண். அந்த ஒருவரை வட்டத்துக்குள் வரைந்து காட்ட முயன்றாள். எவ்வளவு பெரிதாக்கியும் கோடு கண்ணுக்குத் தெரியவில்லை.

"ஒருத்தர்தானே," என்றார் சேகர், என் தோளில் தட்டி. "நம்ம செலவுல ஒரு புது டேப்லெட் வாங்கிக் குடுத்துருங்க. தர்மக் கணக்குல போட்டுக்கலாம்."

அதுதான் தீர்ப்பு. கதவுக்கு வெளியே நிற்பவர்களை உள்ளே இருந்துகொண்டே எண்ணி, ஒருவரும் இல்லை என்று அறிவித்திருக்கிறோம். நீ இருந்திருந்தால் அந்த வட்டத்தைக் கிழித்திருப்பாய். நான் இன்னொரு பிஸ்கட் எடுத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் புது டேப்லெட்டைப் பெட்டியோடு எடுத்துக்கொண்டு ஃபெர்ரியில் கிளம்பினேன். பத்து காவானிலிருந்து பட்டர்வொர்த்துக்குக் காரில் நேராகப் போய்விடலாம், கடலே குறுக்கே இல்லை. இருந்தாலும் பாலத்தைத் தாண்டித் தீவுக்கு வந்து, காரை விட்டுவிட்டு, ஃபெர்ரி ஏறி மறுபடியும் பெருநிலத்துக்குப் போனேன். இதை யாரிடமும் சொல்லவில்லை. பழைய ஃபெர்ரிகள் இப்போது இல்லை. புதியவற்றில் கண்ணாடி, குளிர்சாதனம், வரிசையாக இருக்கைகள். பையில் முதியோர் இல்லத்துப் பெரியவரும் இருந்தார், அந்த மூத்த டேப்லெட். நடுக்கடலில் அவரை எடுத்து, நாங்கள் சோதனைக்கு வைத்திருந்த புதிய பக்கத்தைத் திறந்தேன். வெள்ளைத் திரை. சிக்னல் இல்லாததால் இருக்கும் என்று கரைக்குப் போய்த் திறந்தேன். வெள்ளைத் திரை. பிழை என்றுகூடச் சொல்லவில்லை. பிழை என்று சொல்வதற்கும் அது ஸ்கிரிப்டைத்தான் நம்பியிருந்தது.

ஃபெர்ரியை விட்டு இறங்கும்போது உன்னை எரித்த நாள் நினைவுக்கு வந்தது. மருத்துவமனையில் நீ சேர்ந்த அன்று எனக்கு அனுப்பிய செய்தி இன்னும் என்னிடம் இருக்கிறது. 'நான் இன்னும் அட்மிட்டே ஆகல டேய். இவங்க டேப்லெட்ல அடுத்துங்கற பட்டன் கீபோர்டுக்குப் பின்னால ஒளிஞ்சிருக்கு. நர்ஸ்கிட்ட சொன்னேன். ஓய்வெடுங்க அக்காங்கறா.' சில வாரங்களில் நீ போய்விட்டாய். அலுவலகத்தில் உனக்காக ஓர் அஞ்சலிப் பக்கம் போட்டார்கள். தகனக் கூடத்தின் கார் நிறுத்துமிடத்தில் அதை என் போனில் திறந்தேன். உன் முகம் திரை முழுக்க அகலமாக இழுபட்டிருந்தது. மற்றவர் போன்களை வாங்கிப் பார்த்தேன். ஒன்றில் சரியாக இருந்தாய். இன்னொன்றில் நெற்றிக்கு மேல் மட்டும் தெரிந்தாய். உள்ளே தேவாரம் படித்துக்கொண்டிருந்தார்கள். நான் காருக்குள் உட்கார்ந்து, மடிக்கணினியைத் திறந்து, உன் முகத்தின் அகலத்தைச் சரிசெய்துகொண்டிருந்தேன். முடித்துவிட்டு உள்ளே போனபோது எல்லோரும் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். எல்லாப் பிரவுசரிலும் இப்போது நீ சரியாக இருக்கிறாய். உனக்குக் கொடுக்க என்னிடம் வேறு எதுவும் இருக்கவில்லை.

உன் அப்பா வாசலிலேயே காத்திருந்தார். ரயில்வே அலுவலகத்தில் வேலை பார்த்தவர் அல்லவா, நான் வருவதாகச் சொன்ன நேரத்துக்கு முன்பே நாற்காலியை வெளியே போட்டுவிட்டார். மெலிந்திருக்கிறார். இடது கையில் ஊசி போடுகிற இடம் கயிறு போலப் புடைத்திருக்கிறது. அந்தக் கையால் எதையும் தூக்கக் கூடாது என்பதால், டேப்லெட்டை வலது கையால் பிடித்து, அதே கையின் கட்டை விரலால் தொடுகிறார். நீ அதற்கேற்றபடி திரையின் வலது கீழ் மூலையில் நான்கே படங்களை வைத்திருக்கிறாய். வேன், பேப்பர், வானொலி, மருந்து. அந்த விரல் எட்டும் தூரத்துக்கு மேல் ஒன்றும் இல்லை.

புது டேப்லெட்டைக் கையில் வாங்கி எடை பார்த்தார்.

"ரொம்ப லேசா இருக்கே தம்பி."

"புதுசு அங்கிள்."

"உள்ள ஒண்ணும் இல்ல. அதான் லேசு." திருப்பிக் கொடுத்துவிட்டார். "என்கிட்டதான் இருக்கே, இது எதுக்கு?"

"அதுல வர்ற மாசத்துலேருந்து வேன் பக்கம் திறக்காது அங்கிள்."

"ஏன், டேப்லெட்டு ரிப்பேரா?"

"இல்ல, அது நல்லா இருக்கு."

"அப்போ பக்கம் ரிப்பேரா?"

"பக்கமும் நல்லாத்தான் இருக்கு."

"ரெண்டும் நல்லா இருக்கு. அப்புறம் ஏன் தம்பி திறக்காது?"

"பட்டன் மூலைய வட்டமா ஆக்கறோம் அங்கிள்."

"அவ இருந்தா சண்ட போட்டிருப்பா" என்றார்.

"போட்டிருப்பா."

"நீ போட்டியா?"

"பிஸ்கட் சாப்பிட்டேன் அங்கிள்."

அவர் சிரித்தார். நீ சிரிப்பதைப் போலவே, சட்டென்று நிறுத்திவிட்டார். புது டேப்லெட்டைப் பெட்டியோடு எடுத்துக்கொண்டுபோய் அலமாரியைத் திறந்தார். மெல்பர்னிலிருந்து உன் தம்பி அனுப்பிய போன் அங்கே உறை பிரிக்காமல் இருந்தது. "ஏற்கெனவே ஒண்ணு தனியா கெடக்கு. துணைக்கு இருக்கட்டும்" என்று அதன் பக்கத்தில் வைத்து மூடினார்.

நான் மன்றாடிப் பார்த்தேன். நானே எல்லாவற்றையும் புதியதில் போட்டுத் தருகிறேன், அதே நான்கு படங்கள், அதே மூலை என்றேன். "அவ வெச்ச எடத்துல இருக்கு தம்பி, இருக்கட்டுமே" என்றார். மென்பொருளைப் புதுப்பிப்பதைப் பற்றி உலகமெங்கும் எழுதிக் குவித்திருக்கிறார்கள். இந்த வாக்கியத்துக்குப் பதில் எதிலும் இல்லை.

நிலையத்துக்குப் போன் செய்து சொல்லிவிடலாமே என்று கேட்டேன். அவரே எண்ணை அழுத்தி என் காதில் வைத்தார். ஒரு பெண் குரல், வேன் பதிவுக்கு எங்கள் இணையத்தளத்தை நாடவும் என்று கேட்டுக்கொண்டது. "மூணு பாஷையிலயும் அதையேதான் சொல்றா. நான் எல்லாத்தையும் கேட்டுட்டேன்" என்றார் அப்பா.

பிறகு, தேநீர் போட உள்ளே போனவர் அங்கிருந்தபடியே ஒன்று சொன்னார். உன் கருமாதி நாளன்று வீடு முழுக்க ஆட்கள். யாருக்கும் பொத்தானை அழுத்த நினைவில்லை. மறுநாள் வேன் வாசலைத் தாண்டிப் போய்விட்டது. அன்றிரவு அவரால் படுக்க முடியவில்லை. உட்கார்ந்தால்தான் மூச்சு வந்தது. பிறகு உட்கார்ந்தும் வரவில்லை. பக்கத்து வீட்டு அஹ்மாட் தன் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினார். "டாக்டர் ரொம்பத் திட்டிட்டாரு. ஒரு தடவைகூட விடக் கூடாதாம்" என்றார் உன் அப்பா, ஏதோ பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டவர் போல. தேநீரில் சீனி போட மறந்திருந்தார். நான் குடித்துவிட்டேன்.

திரும்பும் ஃபெர்ரியில் நின்றுகொண்டே வந்தேன். பழையதை வைத்திருக்க வேண்டும் என்று சொன்னால் அந்த அறையில் யாருக்கும் காது கேட்காது. புதியது ஒன்று கட்ட வேண்டும் என்று சொன்னால் மட்டுமே கேட்கும். கரை வருவதற்குள் எனக்கு வழி தெரிந்துவிட்டது.

அடுத்த கூட்டத்தில் நான் 'மின்னல்' என்ற புதிய திட்டத்தை முன்வைத்தேன். கண் இமைப்பதற்குள் திறக்கும் பக்கம். இணையம் மெலிந்த இடத்திலும் ஓடும் பக்கம். கவனத்தைச் சிதறடிக்கும் எதுவும் இல்லாத பக்கம். கடைசிப் படத்தில் அதைக் காட்டினேன். வெள்ளைப் பின்னணியில் இரண்டு பொத்தான்கள். சேகர் எழுந்து நின்றுவிட்டார்.

"இதுதான் லா ஃபியூச்சர். எவ்ளோ சிம்பிளா இருக்கு பாரு. எப்படி அண்ணே தோணிச்சு உங்களுக்கு?"

"ஃபெர்ரில வர்றப்ப தோணிச்சு."

ஷாலினி மட்டும் கண்ணைச் சுருக்கினாள். கூட்டம் முடிந்து என்னிடம் வந்து மெதுவாக, "அண்ணே, இது நாம தூக்குன அந்தப் பழைய பேஜ் தானே?" என்றாள்.

"மூலை வட்டமா இருக்கு பாரு."

"ஆமா, வட்டமாத்தான் இருக்கு."

"பழைய பிரவுசர்ல கூர்மையாத் தெரியும்."

"ஊசி மாதிரியா?"

"பட்டன் மாதிரி."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு போனாள். யாரிடமும் சொல்லவில்லை. உனக்கு அவளைப் பிடித்திருக்கும். முதியோர் இல்லத்தை நான் வீட்டுக்கு எடுத்துப்போனது தெரிந்து, தன் அம்மாவின் பழைய போன் ஒன்றைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

மின்னல் பெரும் வெற்றி. நிலையத்தில் குத்துவிளக்கு ஏற்றித் தொடங்கிவைத்தார்கள். செயலாளர் இம்முறையும் கண்கலங்கினார். எழுத்துக்கு எழுத்து உன் பக்கம். நீ அதைப் போட்ட அன்று அவர் தாமரை எங்கே என்றுதான் கேட்டார். உள்ளூர்ப் பத்திரிகையில் படம் வந்தது. உன் அப்பா அதைப் பழைய டேப்லெட்டில் படித்துவிட்டு எனக்குப் போன் செய்தார். "நல்லா செஞ்சீங்க தம்பி. எங்க அழுத்தணும்?"

எங்கே அழுத்துவது என்பதை நானும் அன்றுதான் பார்த்தேன். மின்னல் பக்கத்துக்குப் போக, புதிய முகப்புப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும் மின்னல் படத்தைத் தொட வேண்டும். முகப்புப் பக்கத்தைக் கட்டியது கோலாலம்பூரில் உள்ள தலைமை அலுவலகம். பாதுகாப்புக் காரணங்களுக்காக எல்லோரும் அந்த ஒரே வாசல் வழியாகத்தான் வர வேண்டும், பக்கவாட்டில் நேராக நுழையும் முகவரிகள் அடைக்கப்பட்டுவிட்டன. பெரியவரை எடுத்து முகப்பைத் திறந்தேன். வெள்ளைத் திரை.

பக்கவாட்டு வழியைத் திறந்துவிடக் கோரி எழுதினேன். சேகரும் எனக்காக எழுதினார், அதைச் சொல்லியாக வேண்டும். என் நியாயமான கோரிக்கைக்கு நன்றி தெரிவித்து, அடுத்த ஆண்டுத் திட்டத்தில் அது பரிசீலிக்கப்படும் என்று தலைமை அலுவலகம் பதில் அனுப்பியிருக்கிறது. எத்தனை பேர் பாதிக்கப்படுகிறார்கள் என்ற புள்ளிவிவரத்தையும் இணைக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் என்று எழுதி அனுப்பினேன். எழுத்துப்பிழையா என்று கேட்டு இன்னொரு கடிதம் வந்தது.

பெரியவர் இப்போதும் என் பையில்தான் இருக்கிறார். வாரம் ஒருமுறை, தேவை எதுவும் இல்லாமல், ஃபெர்ரி ஏறுகிறேன். நடுக்கடலில் அவரை எடுத்து முகப்பைத் திறந்து பார்க்கிறேன். பக்கத்தில் இருப்பவர்கள் நகர்ந்து உட்காருகிறார்கள்.

ஞாயிறு, செவ்வாய், வியாழன் மாலைகளில், ஐந்து மணிக்கு முன், உன் அப்பா எனக்குப் போன் செய்கிறார். "தம்பி, நாளைக்கு" என்கிறார். "சரி அங்கிள்" என்கிறேன். கூட்டத்தில் இருந்தாலும் எழுந்து வெளியே வந்துவிடுகிறேன். என் போனில் முகப்பைத் திறந்து, மின்னலைத் தொட்டு, அவர் பதிவு எண்ணைப் போட்டு, 'நாளை வேன் வேண்டும்' என்பதை அழுத்துகிறேன். போய்ச் சேர்ந்ததா என்று இருமுறை பார்த்துவிட்டு உள்ளே போகிறேன். மறுநாள் காலை ராஜு அண்ணனின் வேன் உங்கள் வாசலில் நிற்கிறது.

இந்த மாத அறிக்கையை ஷாலினி நேற்றுத் திரையில் காட்டினாள். பழைய பிரவுசர்கள், சீரோ. உன் அப்பா புதிய பிரவுசரில் எண்ணப்பட்டிருக்கிறார்.